டேங்குக்கு ஏறிய வெந்நீர்

என் வீட்டுக்காரரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சொட்டு’ என்றால்தான் தெரியும். குழாய் சொட்டுகிற சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட உட்கார்ந்த மனிதர் பாதியில் எழுந்துபோய், வாஷ்பேசினுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போய், “உன் வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதாச்சும் சரியில்லையாடி?” என்று கேட்டாள். “அவருக்கு ஒண்ணும் இல்லக்கா, உன் குழாய்க்குத்தான் சரியில்ல” என்றேன். அன்றைக்கு அவர் மாட்டிய வாஷர் இன்றைக்கும் அங்கே கெட்டியாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் ப்ளம்பர் வேலை. அதில் ஐந்து வருஷம் வெளிநாட்டில், இருபது மாடிக் கட்டடங்களில் பைப் போட்டவர். நானும் ஒன்றும் தெரியாதவள் இல்லை. மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடையில் பதினான்கு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். ப்ளம்பர்கள் சாமான் வாங்க வந்து, சாய்ந்து நின்றுகொண்டு எந்த வீட்டில் எந்தக் குழாய்க்கு என்ன கோளாறு என்று கதை கதையாகச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டே பாதி வேலை எனக்கு மனப்பாடம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் ஒரு பெரிய மனிதர். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். எதற்கெடுத்தாலும் ‘அங்கெல்லாம்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார். “அங்கெல்லாம் ஷவரைத் திறந்தா முதுகுல அறைஞ்ச மாதிரி விழும். என்ன ஃபோர்ஸ், என்ன ஃபோர்ஸ்!” இதைப் பால்காரரிடம் சொல்வார், பேப்பர்காரரிடம் சொல்வார், வழி தெரியாமல் நின்று விலாசம் கேட்டவரிடமும் சொல்லியிருக்கிறார். தெருவே அவருக்கு ஃபோர்ஸ்காரர் என்று பெயர் வைத்துவிட்டது.

அவர் அங்கிருந்து ஒரு ஷவர் கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குள் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி. சுவரில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடுகிற ஒரு மிக்ஸர், அதிலிருந்து வளைகிற குழாய், நுனியில் கை ஷவர். கை ஷவரின் பிடியிலேயே ஒரு பொத்தான். சோப்புப் போடும்போது பொத்தானை அமுக்கினால் தண்ணீர் நிற்கும், மிக்ஸரைத் திருப்ப வேண்டியதில்லை. அதை மாட்டத்தான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு லைனையும் மொட்டை மாடி டேங்கிலிருந்து இறக்கி, அழகாகக் கோத்து மாட்டினார். தண்ணீர் வந்தது. ஆனால் அறையவில்லை, தடவிக் கொடுத்தது.

“இதுவா ஷவர்? அழுவுற மாதிரி வருது!” என்றார் ஃபோர்ஸ்காரர்.

“சார், அங்க ரோட்டுக் குழாயே நேரா பாத்ரூமுக்கு வரும். வெந்நீர், பச்சைத் தண்ணி ரெண்டும் ஒரே வேகத்துல வரும். இங்க டேங்க்ல இருந்து இறங்குற தண்ணிதான். அந்த உயரத்துக்கு எவ்வளவு வேகம் வருமோ அவ்வளவுதான் வரும். ரெண்டு லைனுக்கும் சேர்த்து ஒரு சின்ன மோட்டார் வெச்சுக் குடுக்கட்டுமா?”

“மோட்டார் சத்தம் எனக்கு ஆகாது. ரோட்டு லைன்ல கோக்க வேண்டியதுதானே? தெருவுல போட்ட புது மெயின் குழாய்ல நல்லா வேகமா வருதே.”

“உங்க ஹீட்டர் அந்த வேகத்தைத் தாங்காது சார். டேங்க் தண்ணிக்குச் செஞ்ச ஹீட்டர் இது. வெடிச்சிடும்.”

இதை என் வீட்டுக்காரர் என்னிடமும் வந்து சொன்னார். அதனால்தான் வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து டேங்க் நிரம்பி வழிய ஆரம்பித்தது. ஃபோர்ஸ்காரர் போன் போட்டுக் கத்தினார். இவர் ஓடினார். டேங்க் நிரம்பினால் தண்ணீரை நிறுத்துகிற மிதவை வால்வை மாற்றினார். மறுபடி வழிந்தது. மறுபடி மாற்றினார். காசு வாங்கவில்லை. “எப்படி வழியுதுன்னே தெரியல” என்று தலையைச் சொறிந்துகொண்டு வருவார். மூன்றாவது தடவை ராத்திரி முழுக்க வழிந்து, மாடித் தரை ஊறி, ஹாலில் ஃபோர்ஸ்காரர் ஆசை ஆசையாகப் போட்டிருந்த விளக்கு வைத்த ஃபால்ஸ் சீலிங் காலையில் பொத்தென்று விழுந்தது.

நான் கடையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நிற்க, ஈரத் தரையில் என் வீட்டுக்காரரை நிற்க வைத்து, “நீயெல்லாம் ப்ளம்பரா? அங்க இருந்தா உன்னைக் கையைக் கட்டி உள்ள தள்ளியிருப்பான்!” என்று ஃபோர்ஸ்காரர் கேட்டிருக்கிறார். கருவிப் பையைத் தெருவில் கவிழ்த்திருக்கிறார். பைப் ரென்ச் உருண்டு சாக்கடையில் விழுந்து கிடந்தது. அதோடு விட்டாரா? ஒரு காகிதத்தில், ‘என் வேலை சரியில்லாததால்தான் இந்தச் சேதம். எனக்குத் தொழில் சரியாகத் தெரியாது’ என்று எழுத வைத்து, கையெழுத்து வாங்கி, அதைப் படம் பிடித்து எங்கள் பகுதிக்காரர்கள் எல்லோரும் இருக்கிற போன் குழுவில் போட்டுவிட்டார்.

“நீங்க ஏன் எழுதிக் குடுத்தீங்க?” என்று நான் கத்தினேன்.

“சீலிங் விழுந்துடுச்சே. கடைசியாக் கை வெச்சது நான்தானே” என்றார்.

அந்தக் காகிதத்தின் படம் என் போனுக்கும் வந்தது. அவர் எழுத்து எனக்குத் தெரியும். குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருக்கும். ‘தெரியாது’ என்ற வார்த்தையை இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். அந்த ஃபோர்ஸ்காரரும் இதே மாதிரி, இதே குழுவில், தன் கையால் எழுதிக் கொடுக்கிற நாள் ஒன்று வராமல் போகாது என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிற்று. கடைக்கு ஃபோர்ஸ்காரரின் மச்சினன் வந்தான். அக்காள் வீட்டிலேயே தங்கி, போனில் வீடியோ பார்த்தே எல்லா வேலையும் கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்கிறவன். நான் யார் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியாது. ரோட்டு லைனிலிருந்து கிளை பிரித்துக் கோக்கிற டீ ஜாயிண்ட் ஒன்று கேட்டான்.

“எதுக்குங்க?” என்றேன், சும்மா பேச்சுக்கு.

“கீழ் பாத்ரூமுக்கும் ஃபோர்ஸ் குடுக்கலாம்னுதான். மாடில ஏற்கெனவே குடுத்துட்டேன்ல. அந்த ப்ளம்பர் முடியாதுன்னான். ஹீட்டர் வெடிக்கும்னான். நான் ஹீட்டரைத் தொடவே இல்லையே! பச்சைத் தண்ணிய மட்டும் டேங்க்ல இருந்து கழட்டி ரோட்டு லைன்ல கோத்து, மேல டைல்ஸ் ஒட்டிட்டேன். எப்படி?” என்று தன் மண்டையைத் தட்டிக் காட்டினான்.

எனக்குத் தலை கிர்ரென்றது. வெளிநாட்டுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு சுவருக்குள் ஒளிந்திருந்தது. அங்கே இரண்டு லைனும் ஒரே வேகம். கை ஷவர் பொத்தானை அமுக்கிவிட்டு மிக்ஸரைத் திறந்தபடியே விட்டாலும், ஒன்றை ஒன்று தள்ளாது. இங்கே இப்போது பச்சைத் தண்ணீர் ரோட்டு வேகத்தில் வருகிறது, வெந்நீர் டேங்கிலிருந்து மெல்ல இறங்குகிறது. குளித்து முடித்த ஃபோர்ஸ்காரர் வெளிநாட்டுப் பழக்கத்தில் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டுப் போய்விடுகிறார். வெளியே போக வழியில்லாத ரோட்டுத் தண்ணீர் மிக்ஸருக்குள்ளேயே திரும்பி, வெந்நீர் லைனில் நுழைந்து, ஹீட்டரில் இருக்கிற வெந்நீரையெல்லாம் முட்டித் தள்ளி டேங்குக்கு ஏற்றிவிடுகிறது. கீழே இருந்து ஏறுகிற தண்ணீரை மேலே இருக்கிற மிதவை வால்வு எப்படி நிறுத்தும்? நூறு வால்வு மாற்றினாலும் வழியத்தான் செய்யும்.

லைனுக்கு ஒன்றாக இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வு போதும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு அது. உள்ளங்கையில் அடங்கும். எனக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டீ ஜாயிண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “உங்க மூளையே மூளைங்க” என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் என்ன ஆகும்? சட்டையை மாட்டிக்கொண்டு அந்த நிமிஷமே ஓடுவார். வால்வைப் போடுவார். அந்த ஆள் ‘சரி சரி’ என்பார், இவர் ‘பரவாயில்ல சார்’ என்று வந்துவிடுவார். அந்தக் காகிதம் மட்டும் எல்லார் போனிலும் அப்படியே கிடக்கும். அதெல்லாம் நடக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஊரே பார்க்க அந்த ஆள் மாட்ட வேண்டும். அதுவரை மூச்சு விடக்கூடாது.

அப்புறம் பார்க்க வேண்டுமே வேடிக்கையை! ஃபோர்ஸ்காரர் மாதம் ஒரு தடவை கடைக்கு வந்தார். இம்போர்ட்டட் மிதவை வால்வு கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். பெரிய டேங்க் கேட்டார், கொடுத்தேன். பெரிய டேங்கும் வழிந்தது. வெந்நீர் திடீர் திடீரென்று காணாமல் போகிறது என்று புது ஹீட்டர் வாங்கினார். அதுவும் டேங்க் தண்ணீருக்கான ஹீட்டர்தான், அதிலிருந்த வெந்நீரும் மேலே ஏறிப் போயிற்று. தலை நிறைய சோப்போடு நிற்கும்போது ஐஸ் மாதிரித் தண்ணீர் விழுந்து அவர் போடுகிற கூச்சல் எதிர் வீடு வரை கேட்கிறது என்று சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு இரண்டு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கியது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாள் தடுமாறினேன். அவர் மனைவி வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியபடி, கண் சிவந்து போய். “உன் வீட்டுக்காரர் போட்டுக் குடுத்தப்ப நல்லாத்தாம்மா இருந்துச்சு. மெதுவா வந்தாலும் சுகமா வந்துச்சு. எங்க வீட்டுக்காரங்கதான் அவரைக் கண்டபடி பேசிட்டாங்க. எனக்கு மனசே ஆறல” என்றாள். கை மூன்றாவது தட்டு வரை போயிற்று. அந்தக் காகிதம் கண் முன்னால் வந்து நின்றது. “என்னன்னு தெரியலையேக்கா” என்று விழுங்கிவிட்டேன்.

இந்தப் பக்கம் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒன்றிரண்டு வீட்டுக்கும் அவர் போகவில்லை. டைல்ஸ் கோடவுனில் பெட்டி ஏற்றி இறக்கப் போனார். மாலையில் வெள்ளைத் தூசியோடு வந்து உட்கார்ந்து, தன் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான்காவது மாதம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. நான் காத்திருந்தேன். அவர் எழுந்து வந்தார், கேட்டார், அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“வாஷர் மாத்தக் கூடாதா?” என்றேன்.

“வேணாம். நான் கை வெச்சா இன்னும் கெட்டுப்போயிடும்.”

சொட்டு என்று பெயர் வாங்கிய மனிதர் சொன்ன வார்த்தை இது! என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கிண்ணத்தையும் ஃபோர்ஸ்காரர் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். இருடா, உனக்கு இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கறுவினேன்.

பதினோராம் மாதம் நாள் வந்தது. ஃபோர்ஸ்காரர் வீட்டு டேங்க் வழிந்து வழிந்து தெருவில் பாசி பிடித்து, எங்கள் பகுதி நலச் சங்கத்தின் செயலாளர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ரிட்டயர்டு வாத்தியார், கண்டிப்பானவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைக்கட்டோடு பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு மொட்டை மாடிக்கே போய்விட்டார். ஃபோர்ஸ்காரர் வழக்கம்போல, “எல்லாம் அந்தச் சொட்டு செஞ்ச வேலை” என்று ஆரம்பித்தார்.

“செயலாளர் ஐயா, நான் ஒண்ணு செஞ்சு காட்டலாமா?” என்றேன். அந்தக் கூட்டத்தோடு நானும் கையில் சாக்பீஸோடுதான் போயிருந்தேன்.

டேங்குக்குத் தண்ணீர் வருகிற குழாயை எல்லோர் கண் முன்னாலும் மூடினேன். மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் உள்ளே ஒரு கோடு போட்டேன். ஃபோர்ஸ்காரர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். கால் மணி நேரம் எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு மூழ்கியது.

“வர்ற வழிய மூடியாச்சு. அப்புறம் எங்கிருந்து ஏறுது?” என்றார் செயலாளர்.

“உள்ள கைய விட்டுப் பாருங்கய்யா.”

நல்ல கையை விட்டவர் வெடுக்கென்று எடுத்தார். “என்னம்மா இது, வெதுவெதுன்னு இருக்கு!”

“வெயிலே வரல. காலங்காத்தால டேங்குத் தண்ணி சுடுமா ஐயா? இது ஹீட்டர்ல இருந்து ஏறி வர்ற வெந்நீர்.” மாடி பாத்ரூமுக்கு இறங்கிப் போய் மிக்ஸரை மூடச் சொன்னேன். டேங்கில் தண்ணீர் ஏறுவது நின்றது, அங்கே புதுசாக ஒரு கோடு போட்டேன். பொத்தானைத் தொடாமல் மிக்ஸரை மட்டும் திறக்கச் சொன்னேன். புதுக் கோடும் மூழ்கியது. ஃபோர்ஸ்காரர் பக்கம் திரும்பினேன். “சார், என் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணிய டேங்க்ல இருந்துதான் இறக்கினாரு. இப்ப அது எங்கிருந்து வருது? உங்க மச்சினனைக் கேளுங்க.”

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. “நீங்கதானே மாமா ஃபோர்ஸ் வேணும்னீங்க” என்று முனகினான். ஃபோர்ஸ்காரர் மனைவி தன் தம்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுவே அவனுக்குப் போதும்.

“காகிதம் எடுத்துட்டு வாங்க சார்” என்றேன். ஃபோர்ஸ்காரர் அசடு வழிய, “அட, தெரியாம நடந்தது. வாயால சொல்லிட்டாப் போதாதா?” என்றார். “என் வீட்டுக்காரர் வாயால சொன்னது மட்டும் உங்களுக்குப் போதலையே சார்” என்றேன். எழுதினார். ‘தவறு என் வீட்டாருடையது. சொட்டு நல்ல ப்ளம்பர். அவரை நான் அவமானப்படுத்தியது அநியாயம்.’ அவரும் கடைசி வார்த்தையை அடித்துத் திருத்தித்தான் எழுதினார். நானே படம் பிடித்து, நானே குழுவில் போட்டேன். படி இறங்கும்போது எனக்குக் காலே தரையில் படவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். போனைக் காட்டினேன், மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். படித்தார். மறுபடி படித்தார். கண் கலங்கியது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த லைன மாத்தினது உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. “நீங்க கையெழுத்துப் போட்டு மூணு வாரத்துல.”

“பத்து மாசம்” என்றார்.

“சொன்னா அன்னைக்கே ஓடிப்போய்ச் சரிபண்ணிக் குடுத்துட்டு, பரவாயில்ல சார்னு வந்திருப்பீங்க. அந்த ஆளை அப்படி விட்டுடறதா?”

“ஆமா. ஓடியிருப்பேன்” என்றார். குரல் உயரவே இல்லை. “பத்து மாசமா நான் அந்த லைன மனசுக்குள்ள பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துட்டிருந்தேன். எந்த ஜாயிண்ட்ல தப்புப் பண்ணினேன்னு. பெட்டி தூக்கும்போதும் அதேதான். எனக்குத் தொழிலே மறந்துடுச்சுன்னு நெனச்சேன். நீ பக்கத்துல உக்காந்து எனக்குச் சோறு போட்டுட்டிருந்த.”

நான் போனைக் கவிழ்த்து மேடையில் வைத்தேன்.

மறுநாள் அவர் துரு ஏறிய ரென்ச்சைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். ஃபோர்ஸ்காரர் வீட்டில் இரண்டு வால்வையும் மாட்டிவிட்டு, ‘பரவாயில்ல சார்’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். இப்போது அவருக்கு ஓய்வே இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார். என்னோடும் சாதாரணமாகத்தான் பேசுகிறார், சிரிக்கவும் செய்கிறார்.

நான் அந்த ஆளுக்குச் செய்ததற்கு வருத்தப்பட மாட்டேன். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றார், அவ்வளவுதான். கடையில் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் வாஷர் டப்பா இருக்கிறது. மாட்ட இரண்டு நிமிஷம் ஆகாது. என்னால் அதைத் தொட முடியவில்லை. தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன்னால் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரைக் கொட்டுகிறார். பிறகு குனிந்து, சொட்டு விழுகிற இடத்தை அளவு பார்த்து, நேராக அதன் அடியில் மறுபடி வைத்துவிட்டுப் போகிறார்.